தளையோடு ஒரு பக்கமும் சேர்த்துக் கொடுங்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை,
சென்னை.

நகல்: பொது சுகாதாரத் துறைக்கும், தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்துக்கும்

மதிப்பிற்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் துறை மானிய விலையில் தரும் மாடித்தோட்டத் தளையை யார் வாங்கிப் போகிறார்கள் என்று ஒரு காலை வேளை நின்று பாருங்கள். இளவட்டங்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். பணி ஓய்வு பெற்றவர்கள், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனியே இருக்கும் அம்மாக்கள், “எதிலாவது மனசைத் திருப்புங்க” என்று டாக்டரே சொல்லி அனுப்பியவர்கள், இவர்கள்தான் அதிகம். அந்தக் கூட்டத்தில் சர்க்கரை இல்லாதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட் விழுங்குகிறவர் ஒருவர் இருப்பார். ஆறு சுற்று கீமோ முடித்து, தலைமுடி இப்போதுதான் முளைத்து வரும் பெண் ஒருவர் இருப்பார். மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவரும், அதைக் காப்பாற்ற ஆயுள் முழுக்க டாக்ரோலிமஸ் சாப்பிட வேண்டியவருமான ஒருவர்கூட இருக்கலாம்.

இவர்களின் எதிர்ப்பு சக்தி குறைந்திருக்கிறது. சிலருக்கு நோயே குறைத்திருக்கிறது, சிலருக்கு மருத்துவர்கள் தெரிந்தேதான் குறைத்து வைத்திருக்கிறார்கள். இவர்கள் கையில் வளர்ப்புப் பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேம்பு மருந்து எல்லாம் போய்ச் சேருகின்றன. நல்ல திட்டம். அதில் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான்: எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கென்றே தளையோடு தரும் கையேட்டில் முழுதாக ஒரு பக்கமும், பையின் மேல் கண்ணில் படும் எழுத்தில் நாலு வரியும் வேண்டும்.

உலகத்தில் இல்லாத வழக்கத்தைக் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவில் செடிக்கலவை மூட்டை எதை எடுத்தாலும் அதன் மேல் ஓர் எச்சரிக்கை அச்சாகியிருக்கும்: தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், முகமூடி அணியுங்கள், ஈரப்படுத்திக் கையாளுங்கள், கையைக் கழுவுங்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1988-89இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு நிமோனியா கொத்தாகப் பரவியது. நோயாளிகளை விசாரித்தபோது பலர் தோட்டக்காரர்கள் என்று தெரிந்தது. லெஜியோனெல்லா லாங்பீச்சே என்ற பாக்டீரியா அவர்கள் வாங்கிய செடிக்கலவையிலேயே குடியிருந்தது. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. மூட்டையைப் பிரித்து உதறும்போது எழும் தூசியோடு நுரையீரலுக்குள் போகிறது. 2013இல் ஸ்காட்லாந்திலும் செடிக்கலவையோடு தொடர்புடைய நோயாளிகள் சிலர் தெரியவந்தார்கள். ஒரு மூட்டையின் மேல் நாலு வரி அச்சிட ஆகும் மை எவ்வளவு என்று உங்கள் கணக்கர்களிடமே கேட்டுக்கொள்ளலாம்.

“அது அந்த ஊர்க் கதை, நமக்கு எதற்கு” என்று கோப்பில் யாராவது குறிப்பு எழுதக்கூடும். நம் மண்ணுக்கும் சொந்தக் கதைகள் உண்டு.

மெலியாய்டோசிஸ் என்ற நோயை எடுத்துக்கொள்வோம். இதன் பாக்டீரியா ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. கோடையில் அடிமண்ணில் கிடந்துவிட்டு, மழை பெய்து நீர் ஊறும்போது மேலே வருகிறது. கையில் இருக்கும் சிறு கீறல் வழியாகவோ, மழைக்காற்றில் மூச்சு வழியாகவோ உடலுக்குள் நுழைகிறது. இதை முதலில் விவரித்தவர்கள் ரங்கூனில் பணியாற்றிய ஆல்பிரெட் விட்மோர், சி.எஸ். கிருஷ்ணசாமி என்ற இரு மருத்துவர்கள். 1912இல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் எழுதினார்கள். நோய்க்கு விட்மோரின் பெயர் நிலைத்தது. கிருஷ்ணசாமியை மருத்துவ மாணவர்களே மறந்துவிட்டார்கள். நூறாண்டுக்கு மேலாகியும் நோய் நம்மை விட்டுப் போகவில்லை. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். இது வரும் ஆபத்தைக் கூட்டும் முதல் காரணம் என்ன தெரியுமா? சர்க்கரை நோய். அடுத்த வரிசையில் சிறுநீரகக் கோளாறும் மதுவும். சர்க்கரையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்திருக்கும் ஒரு மாநிலத்தில் இதைத் தூரத்து நோய் என்று ஒதுக்க முடியாது.

இதில் இன்னொரு தொல்லை, காசநோய் போலவே வேடம் போடும். இருமல், காய்ச்சல், எடை குறைவு, நுரையீரல் படத்தில் நிழல். காச மாத்திரையைத் தொடங்கிவிட்டுப் பிறகு தவறு தெரிந்து திருப்பியவர்கள் உண்டு. சரியான மருந்து ஊசி வழியாகக் குறைந்தது பத்து, பதினான்கு நாள். அதன்பின் மாத்திரை மூன்று மாதம் அல்லது அதற்கும் மேல். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில், டார்வின் நகரத்தை ஒட்டிய பகுதியில், மழைக்காலம் தொடங்கும்போதே அரசு சுகாதாரத் துறை ஊரெல்லாம் சொல்லிவிடுகிறது: செருப்பு, ஷூ இல்லாமல் சேற்றில் இறங்காதீர்கள், கையுறை போடுங்கள், புயல்காற்று மழையில் வெளியே நிற்காதீர்கள். ஐப்பசி பிறக்கும்போது நம் அரசும் இதைச் சொல்லலாம்.

அடுத்தது பாதம். வெறுங்காலோடு மண்ணை மிதிப்பது நல்லது என்று நாம் நம்புகிறோம். ஆனால் மனித மலம் கலந்த மண்ணில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற நூல் போன்ற புழுவின் குஞ்சு இருக்கும். பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் தங்கிவிடும். பெரும்பாலோருக்கு வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாது. புழு உடலுக்குள்ளேயே பெருகிக்கொள்வதால், சிறுவயதில் கிராமத்துக் கொல்லையில் ஏறியது அறுபது வயதிலும் இருக்கும். அப்போது மூட்டுவலிக்கோ மாற்று உறுப்புக்கோ ஸ்டீராய்டு ஆரம்பித்தால், தடுத்து வைத்திருந்த காவல் விலகிப் புழு உடல் முழுக்கப் பரவிவிடும். அது உயிருக்கே ஆபத்து. ஸ்டீராய்டைத் தொடங்கும் முன்பே ஒரு பரிசோதனையும் ஐவர்மெக்டின் மாத்திரையும் இதைத் தடுக்கக்கூடும். இதைக் கேட்கவேண்டியவர் மருத்துவர். ‘கொல்லையில் இறங்கினால் காலணி’ என்று அச்சிட வேண்டியவர் நீங்கள்.

பாதத்தைப் பற்றிச் சொல்லும்போது மதுரையைச் சொல்லாமல் இருக்க முடியாது. முள் குத்திய காலில் பூஞ்சையோ பாக்டீரியாவோ புகுந்து, வருடக்கணக்கில் வீங்கி, துளை துளையாகக் கசியும் மைசெட்டோமா நோயை உலகம் முதலில் அறிந்தது மதுரைப் பாதம் என்ற பெயரில்தான். 1842இல் மதுரையில் இருந்த ஜான் கில் என்ற மருத்துவர் அதை எழுதிவைத்தார். அதை உண்டாக்கும் ஒரு பூஞ்சை இனத்துக்கே மதுரெல்லா என்று பெயர். நம் ஊர்ப் பெயரை இப்படி ஒரு முள் உலகப் பாடப்புத்தகத்தில் ஏற்றியிருக்கிறது. நல்ல எதிர்ப்பு சக்தி உள்ளவருக்கும் இது வரும் என்றால், குறைந்தவரைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது?

2021ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கருப்புப் பூஞ்சையை அந்த ஆண்டு மே மாதம் தமிழக அரசு அறிவிக்கை செய்யப்படவேண்டிய நோயாக்கியது. சர்க்கரை கட்டுக்கடங்காமல் போனவர்கள், கொரோனாவுக்கு ஸ்டீராய்டு எடுத்தவர்கள் என்று எத்தனை பேர் கண்ணை, தாடையை இழந்தார்கள். அந்தப் பூஞ்சைக் குடும்பம் ஆஸ்பத்திரியில் பிறந்ததல்ல. மக்கும் இலை, சாணம், ஈர மரத்தூள், அழுகிய பழம் இவற்றில்தான் இயல்பாக வாழ்கிறது. அதன் தூரத்து உறவான ஆஸ்பெர்ஜில்லஸும் அங்கேதான். மக்கு உரக்குழியைக் கிளறும்போது எழுகிற புகை போன்ற தூசியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் இவற்றின் வித்துகள் எண்ணில்லாமல் இருக்கும்.

இவ்வளவும் படித்தால் “அப்படியானால் இவர்கள் தோட்டமே போடக்கூடாது” என்று தோன்றும். சில மருத்துவமனைகளில் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள்: மண்ணைத் தொடாதீர்கள், முடிந்தது. இந்தத் தடை சோம்பேறித்தனமானது என்பது என் கருத்து. உறுப்பு மாற்றிய முதல் சில மாதங்களிலும், கீமோவுக்குப் பின் வெள்ளணுக்கள் தரைதட்டும் நாட்களிலும் தடை சரியே. எலும்பு மஜ்ஜை மாற்றியவர்களுக்கு அது ஓராண்டு வரைகூட நீளும். அந்தக் காலத்தில் பூந்தொட்டியைக்கூடப் படுக்கை அருகில் வைக்க விடமாட்டார்கள், அதுவும் சரியே. ஆனால் அதன் பிறகு வாழ்க்கை பத்து, இருபது வருடம் இருக்கிறது. மாடியில் நாலு கத்தரிச் செடி வைக்கவேண்டாம் என்று இருபது வருடம் ஒருவரைக் கட்டிப்போட முடியாது. தடுத்தாலும் போடுவார்கள், ஒளித்துப் போடுவார்கள், காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் சொல்லமாட்டார்கள். அந்த மௌனம்தான் ஆபத்து.

ஆகவே அந்தப் பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? வேலையைப் பங்கு போடச் சொல்ல வேண்டும். மண், எரு, நார்க்கழிவு கலப்பது, மக்கு உரம் கிளறுவது, பழைய கலவையை மாற்றுவது, அழுகிய இலையை அள்ளுவது, பஞ்சகவ்யமும் ஜீவாமிர்தமும் கரைப்பது இவையெல்லாம் வீட்டில் வேறொருவர் வேலை. இயற்கை விவசாய நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, பச்சைச் சாணத்தில் இருக்கும் கிருமி அது நாட்டு மாட்டுச் சாணம் என்பதற்காகச் சும்மா இருந்துவிடாது. விதை ஊன்றுவது, நீர் விடுவது, பந்தல் கட்டுவது, காய் பறிப்பது இவை கையுறையோடு நோயாளி செய்யலாம். இதுதானே தோட்டத்தில் இன்பமான பாதி.

கலக்க வேறு ஆள் இல்லாத வீடுகளும் உண்டு. அவர்களுக்காக மூட்டை பிரிக்கும் முறையையே படம் போட்டுக் காட்டுங்கள். நம் வழக்கம் என்ன? எரு மூட்டையின் தையல் நூலைப் பல்லால் கடித்து இழுப்போம், இரண்டு கையால் தூக்கிக் கவிழ்ப்போம், கடைசித் துகள் விழும்வரை முகத்துக்கு நேரே உதறுவோம். செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு. மூட்டையைத் திறந்த வெளியில் தரையில் கிடத்தி, முகத்தைத் திருப்பி, கத்தரிக்கோலால் ஒரு மூலையை மட்டும் வெட்டி, அந்த ஓட்டை வழியாகக் குவளையால் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். நனைந்த எரு தூசி விடாது. பிறகு கரண்டியால் அள்ளலாம். நார்க்கழிவுக் கட்டியைச் சுத்தியலால் தட்டவே கூடாது. பெரிய பக்கெட்டில் முழுதாக இறக்கித் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் தானே ஊதி உதிர்ந்துகொள்ளும். டிரைக்கோடெர்மா பொட்டலமும் அப்படியே. அது டால்க் மாவில் கலந்த உயிருள்ள பூஞ்சை. செடிக்கு நண்பன்தான், ஆனாலும் வெள்ளணு குறைந்தவர் அந்தப் பொடியை மூச்சில் இழுக்க வேண்டிய அவசியமில்லை. தண்ணீரில் கரைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

முகமூடி என்றால் துண்டை மூக்கில் சுற்றுவது அல்ல. ஆஸ்பெர்ஜில்லஸ் வித்துகள் இரண்டு, மூன்று மைக்ரான் அளவு. துண்டின் இழை அவற்றுக்கு ராஜபாட்டை. என்-95 முகமூடி முகத்தோடு ஒட்டியிருந்தால்தான் பயன். தளைக்குள் அதில் ஒன்றையும் கழுவிப் பயன்படுத்தும் ரப்பர் கையுறை ஒரு ஜோடியையும் வைத்தால் இன்னும் நல்லது. முடியாவிட்டால் வாங்கச் சொல்லியாவது எழுதுங்கள்.

மண்ணைத் தாண்டியும் மாடியில் சில விஷயங்கள் இருக்கின்றன. நகரத்து மாடி என்றால் புறா. காய்ந்த புறா எச்சத்தில் கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை வளரும். மூளைக்காய்ச்சல் தரக்கூடியது. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் உறுப்பு மாற்றியவர்களுக்கும் முக்கியமான எதிரி. எச்சத்தைக் காய்ந்தபடி விளக்குமாறால் பெருக்கக்கூடாது, நனைத்துத் துடைக்க வேண்டும், அதையும் வேறொருவர் செய்ய வேண்டும். பூனைக்கு மென்மையான மண் நிரம்பிய வளர்ப்புப் பை கழிப்பறை போலத் தோன்றும். அதன் மலத்தில் டாக்ஸோபிளாஸ்மா முட்டை இருக்கக்கூடும், ஒன்று முதல் ஐந்து நாளில் தொற்றும் நிலைக்கு வரும். கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். பையின் மேல் வலை விரித்தால் போதும். வெயிலில் கிடந்த குழாயில் தேங்கிச் சூடான தண்ணீரை முகத்துக்கு எதிரே பூவாளியாகத் தெளிக்காமல், முதல் நீரைத் தரையில் ஓடவிட வேண்டும். லெஜியோனெல்லாவின் இன்னொரு வகை அந்த வெதுவெதுப்பில் வளரும். தொட்டி அடியில் தட்டில் நிற்கும் தண்ணீரைப் பற்றி டெங்கு விளம்பரங்களே சொல்லிவிட்டன.

காயம் பட்டால் வெட்டுக்காயப் பூண்டின் சாற்றைப் பிழிந்து விடுவதும் மஞ்சளை அப்புவதும் நம் கைவழக்கம். இவர்களுக்கு அது வேண்டாம். ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவி, நீர் புகாத கட்டுப் போட்டு, சிவந்தாலோ சீழ் வைத்தாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். டயாலிசிஸ் செய்கிறவர் ஃபிஸ்டுலா போட்ட கையால் பூவாளியைத் தூக்கக்கூடாது. அந்தக் கையில் முள் படாமல் முழுக்கைச் சட்டை வேண்டும்.

தட்டுக்கு வருவோம். வீட்டில் விளைந்ததுதானே என்று கொத்தமல்லியையும் புதினாவையும் பச்சையாக அரைத்துவிடுகிறோம். எரு போட்ட செடியிலிருந்து பறித்த கீரையை இவர்கள் வேகவைத்தே சாப்பிட வேண்டும். சீந்தில் கொடி எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் என்று பலர் சுவரில் படரவிட்டிருக்கிறார்கள். மருந்து கொடுத்து எதிர்ப்பு சக்தியைக் குறைத்து வைத்திருக்கும் உடம்பில் அதைத் தூண்டிவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் 2021இலேயே எழுதியிருக்கிறார்கள். பம்பளிமாஸ் பழமும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். தோட்டத்தில் மரம் இருக்கட்டும், பழம் பக்கத்து வீட்டுக்குப் போகட்டும்.

இயக்குநர் அவர்களே, இதையெல்லாம் தோட்டக்கலைத் துறை தனியாகச் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தைப் பொது சுகாதாரத் துறை எழுதித் தரட்டும், நீங்கள் அச்சிடுங்கள். உறுப்பு மாற்று ஆணையம் அதையே உறுப்பு மாற்றிய நோயாளிகள் வீடு திரும்பும்போது கொடுக்கட்டும். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானத்தில் 2008 முதல் முன்னோடியாக நடக்கும் மாநிலம் இது. 2023 முதல் தானம் தந்தவரின் இறுதிச்சடங்குக்கு அரசு மரியாதை செய்கிறது. அவ்வளவு பாடுபட்டுக் கிடைத்த ஒரு சிறுநீரகத்தை வீட்டு மாடியில் காப்பாற்ற ஒரு தாள் கொடுப்பதும் அரசின் வேலைதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடிப் போகிறது. மழைக்காலத்தில் அந்தப் பையோடு அந்தத் தாளும் போகலாம். உழவன் செயலியில் ஒரு பொத்தானும் வைக்கலாம்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். தளை வாங்க வருகிறவரிடம் “உங்களுக்கு என்ன நோய்” என்று படிவத்தில் கேட்காதீர்கள். எச்.ஐ.வி. உள்ளவரும் புற்றுநோய் கண்டவரும் விற்பனை மேசையில் வாய் திறக்க மாட்டார்கள், திறக்கவும் தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே தாள் கொடுத்தால் போதும். பூச்சிமருந்துப் புட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சின் அளவைச் சொல்லும் நிறம் சட்டப்படி இருக்கிறது. அதை வாங்குகிறவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. அதே வழி இதற்கும் போதும்.

அந்தத் தாளின் கடைசியில் வெட்டி எடுக்கிறாற்போல ஓர் அட்டையும் அச்சிடுங்கள். “எனக்கு எதிர்ப்பு சக்தி குறைவு. நான் மண், எரு, செடிக்கலவை கையாள்கிறேன்” என்ற இரண்டு வரி போதும். காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காட்டுவதற்கு. இது ஏன் முக்கியம் என்றால், லெஜியோனெல்லாவுக்கு வழக்கமாகச் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை செடிக்கலவையில் வரும் வகையைக் காட்டாது, வழக்கமான பென்சிலின் வகை மருந்துக்கும் அது அடங்காது. மெலியாய்டோசிஸ் கிருமியை ஆய்வகம் வேறு ஏதோ கிருமி என்று ஒதுக்கிவிடக்கூடும். மண்ணோடு பழகியவர் என்று தெரிந்தால்தான் மருத்துவர் அந்தப் பக்கம் தேடுவார்.

ஆடிப் பட்டத்துக்கான தளைகளைக் கட்டத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தை அச்சகத்துக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வாசகர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டில் ஸ்டீராய்டோ, கீமோவோ, மாற்று உறுப்போ, கட்டுப்படாத சர்க்கரையோ உள்ளவர் செடி வளர்க்கிறாரென்றால், அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அதை டாக்டரிடம் சொல்லுங்கள், எப்போதிலிருந்து எந்த வேலையைச் செய்யலாம் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
ஆசிரியர்